மானுக்கு விதைக்கும் ஆர்ட்மோர்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், டெக்சாஸ் எல்லையை ஒட்டிய ஊர் ஆர்ட்மோர். ஓக்லஹோமா நகரத்துக்கும் டல்லாஸ் நகரத்துக்கும் நடுவில், இரண்டிலிருந்தும் ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. வடக்கே ஆர்பக்கிள் குன்றுகள், தெற்கே சிவப்பு ஆறு. சிக்கசா பழங்குடி மக்களின் நாடாக இருந்த பகுதி இது. குட்டை குட்டையான ஓக் மரக்காடு, நடுநடுவே புல்வெளி, மாடுகள், கோதுமை வயல். மண் பல இடங்களில் மணல் கலந்த செம்மண். ஆண்டு மழை 900 மில்லிமீட்டருக்கு மேல். கணக்கில் பார்த்தால் தமிழ்நாட்டின் சராசரி மழையை ஒட்டித்தான் வரும். ஆனால் நவம்பர் பிறந்ததும் உறைபனி இறங்கிவிடும்.

செப்டம்பர் மாதம் இங்கே உள்ள விதைக்கடைகளில் கூட்டம் கூடும். மாட்டுக்குக் குளிர்காலத் தீவனம் விதைப்பவர்கள் ஒரு பக்கம், மானுக்கு விதைப்பவர்கள் இன்னொரு பக்கம். ஆம், மானுக்குத்தான். வெள்ளைவால் மான்கள் வந்து மேய்வதற்கென்றே காட்டோரத்தில் அரை ஏக்கரோ இரண்டு ஏக்கரோ ஒதுக்கிப் பயிர் வைக்கிறார்கள். இதற்குத் தீனிக்கொல்லை என்று நாம் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

கொல்லைக்குள் வரும் மானை விரட்டாத விவசாயிகள்

நம் ஊரில் மானும் காட்டுப்பன்றியும் கொல்லைக்குள் வந்தால் இரவெல்லாம் காவல் இருக்கிறோம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் மான் வேட்டை குற்றம். அங்கே நிலைமை வேறு. உரிமம் வாங்கியவர்கள், அரசு குறித்த நாட்களில், குறித்த எண்ணிக்கையில் மான் வேட்டையாடலாம். ஓக்லஹோமாவில் வில் அம்பு வேட்டை அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கி ஜனவரி 15 வரை நடக்கும். துப்பாக்கி வேட்டைக்கு நவம்பர் கடைசியில் 16 நாட்கள்.

வேட்டை உரிமையைக் குத்தகைக்கு விடும் நில உரிமையாளர்கள் பலர். அந்தக் குத்தகைப் பணம் சிறு விவசாயிக்குப் பக்க வருமானம். வேட்டையே ஆடாமல், தன் காட்டில் மான் நடமாட வேண்டும் என்பதற்காக மட்டும் விதைப்பவர்களும் உண்டு. எந்தக் காரணமாக இருந்தாலும், விதைக்கடையில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான். எந்த ரகம் வாங்குவது?

இந்தத் தீனிக்கொல்லைகளில் அதிகம் விதைக்கப்படும் தானியங்களில் ஒன்று ரை. கோதுமை, பார்லி வகையறாவைச் சேர்ந்த குளிர்காலப் பயிர். ஜெர்மனி, போலந்து, ரஷ்யா பக்கம் கறுப்பு ரொட்டி சுடுவது இந்தத் தானியத்தில்தான். கோதுமை திணறும் மணல் மண்ணிலும், புளிப்பு மண்ணிலும் ரை வளரும். உறைநிலைக்கு ஓரிரு டிகிரி மேலே இருக்கும் மண்ணில்கூட முளைத்துவிடும். குளிர் தாங்குவதில் கோதுமை, ஓட்ஸ் இரண்டையும் மிஞ்சும். மான் ஓட்ஸை விரும்பித் தின்னும். ஆனால் கடும் பனியில் ஓட்ஸ் கருகிவிடும். ரை பிழைத்து நிற்கும்.

ரை நமக்கு முற்றிலும் அந்நியம் இல்லை. ரைக் கதிரில் வரும் எர்காட் என்ற பூசணத்திலிருந்து பிரசவ மருந்து எடுக்கிறார்கள். அந்த மருந்துக்காக நீலகிரி மலையிலும் ஒரு காலத்தில் ரை பயிர் செய்து பூசணம் வளர்த்தார்கள். நம் கம்பில் வரும் தேன் ஒழுகல் நோய் அந்தப் பூசணத்தின் பங்காளிதான்.

திருப்பிப் போட்ட பெயர்

ஆர்ட்மோருக்கும் ரைக்கும் உள்ள உறவு தற்செயலானது இல்லை. இந்த ஊரில் பிறந்து எண்ணெய்க் கிணறுகளில் பெரும் பணம் சம்பாதித்தவர் லாய்ட் நோபிள். 1930-களில் ஓக்லஹோமா உள்ளிட்ட சமவெளி மாநிலங்களில் புழுதிப் புயல் அடித்து, மேல்மண் பறந்துபோனது. விமானத்தில் அடிக்கடி பறந்தவர் நோபிள். கீழே அரித்துப்போன நிலங்களைப் பார்த்துப் பார்த்து, எண்ணெய் ஒருநாள் தீர்ந்துவிடும், மண்தான் இந்த ஊருக்கு மிஞ்சும் என்ற முடிவுக்கு வந்தார். 1945-இல் தன் தந்தை சாமுவேல் ராபர்ட்ஸ் நோபிள் பெயரில் ஆர்ட்மோரில் அறக்கட்டளை தொடங்கினார். விவசாயிகளுக்கு மண் பரிசோதனை, ஆலோசனை, பயிர் ஆராய்ச்சி ஆகியவை அதன் வேலை.

குளிர்காலத்தில் மண்ணை மூடி வைக்கவும் மாட்டுக்குப் பச்சை கொடுக்கவும் அங்கே ரை ரகங்களைத் தேர்வு செய்தார்கள். அதில் நிலைத்த பெயர் எல்பான். நோபிள் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து திருப்பிப் படித்தால் எல்பான் வரும். அதே எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் போனெல். அதுவும் அவர்கள் வெளியிட்ட ஒரு ரகம். பிறகு மேட்டான், ஓக்லான், பேட்ஸ் என்று வரிசையாக வந்தன. அந்த நிறுவனம் இப்போது நோபிள் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் மேய்ச்சல் நில மேம்பாட்டில் கவனம் செலுத்துகிறது. எல்பான் மட்டும் தென் மாநில விதைக்கடைகளில் இன்றும் கேட்டு வாங்கும் பெயராக இருக்கிறது.

தெற்கத்தி ரகம், வடக்கத்தி ரகம்

ஆர்ட்மோர் பக்கம் 40 ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயியை நினைத்துக்கொள்வோம். அங்கே அது சின்னப் பண்ணை. மாடு கொஞ்சம், குளத்துக்குப் பின்னால் காட்டை ஒட்டி 2 ஏக்கர் தீனிக்கொல்லை. கடையில் இரண்டு அடுக்கு மூட்டை. ஒன்றில் எல்பான் என்று எழுதியிருக்கிறது. இன்னொன்று விலை குறைவு, ரகம் குறிப்பிடப்படவில்லை என்று சீட்டில் போட்டிருக்கிறது. இரண்டும் ரைதானே, எதற்குக் கூடுதல் காசு என்று தோன்றும்.

ரகம் குறிப்பிடாத விதை கெட்ட விதை என்று அர்த்தம் இல்லை. உள்ளே நல்ல ரகமே இருக்கலாம். ஆனால் அது எந்த ஊருக்காக உருவானது என்பது தெரியாது. ரையில் அதுதான் பெரிய விஷயம்.

ரை ரகங்களை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். மினசோட்டாவில் வெளியிட்ட ரைமின், மிச்சிகனின் வீலர், மெய்ன் மாநில மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய அரூஸ்டூக், கனடாவின் ஹாஸ்லெட் எல்லாம் வடக்கத்தி ரகங்கள். நாள் சுருங்கி, குளிர் ஏறத் தொடங்கினால் இவை வளர்ச்சியை நிறுத்தி, தரையோடு படுத்து உறங்கப் போய்விடும். மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும் ஊரில் உயிர் பிழைக்க அந்த உறக்கம் தேவை. வசந்தம் வந்ததும் எழுந்து வளரும்.

எல்பான், மேட்டான், ஜார்ஜியாவின் ரென்ஸ் அப்ரூஸி, புளோரிடா 401 போன்றவை தெற்கத்தி ரகங்கள். அப்ரூஸி என்ற பெயர் இத்தாலியின் அப்ரூஸோ பகுதியிலிருந்து வந்தது. இவை இலையுதிர் காலத்திலேயே நிமிர்ந்து வளரும். குளிர்காலத்தின் நடுவில் நாலு நாள் வெயில் அடித்தால்கூட அதற்குள் இலை விடும். ஆனால் கனடா எல்லை வரை கொண்டுபோய் விதைத்தால் கடும் பனியில் பயிர் அழிந்துபோக வாய்ப்பு அதிகம்.

இப்போது அந்த 40 ஏக்கர்காரரின் கணக்கைப் பார்ப்போம். அவருக்கு டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் பச்சை வேண்டும். வடக்கத்தி விதை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கினால் முளைப்பு அருமையாக இருக்கும். அக்டோபரில் பார்க்கவும் அழகாக இருக்கும். டிசம்பரில் மான் வந்து மேய்ந்த பிறகு திரும்பத் துளிர்க்காது. உறங்கிக்கொண்டிருக்கும் பயிர் அது. கொல்லை வெறிச்சோடும், மான் பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும். மார்ச்சில் பயிர் எழுந்து நிற்கும்போது, காட்டில் எல்லாச் செடியும் துளிர்த்திருக்கும். அப்போது இவருடைய ரையைத் தேடி வர மானுக்கு அவசியம் இல்லை.

மிச்சிகன் விவசாயிக்கு இதே கணக்கு தலைகீழ். அவருக்குப் பயிர் பனியில் பிழைக்க வேண்டும், பனி உருகியதும் முதல் பச்சையாக எழ வேண்டும். அவர் ரைமினோ வீலரோ வாங்குவதுதான் சரி. எல்பானைப் புகழ்ந்து யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கினால் காசு போகும்.

ஆக, வடக்கா தெற்கா என்பதே முதல் முடிவு. அதைச் சரியாக எடுத்துவிட்டால், தெற்கத்தி ரகங்களுக்குள் எது உசத்தி என்பது சின்ன விஷயம். அது ஆண்டுக்கு ஆண்டு, மழைக்கு மழை மாறும்.

தீவில் காத்த விதை

ரையை வாங்கும்போது சீட்டு ஏன் முக்கியம் என்பதற்கு மிச்சிகன் ஏரியில் உள்ள தெற்கு மானிட்டு தீவின் கதை நல்ல சான்று. கோதுமையும் நெல்லும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். ரை அப்படி இல்லை. கம்பு மாதிரி காற்றில் மகரந்தம் பறந்து, அடுத்த செடியோடு சேரும். பக்கத்து வயலில் வேறு ரகம் நின்றால் அடுத்த ஆண்டே விதை கலந்துவிடும்.

ஜோசப் ரோசன் என்ற ரஷ்ய மாணவர் மிச்சிகன் விவசாயக் கல்லூரியில் படித்தவர். அவர் மூலம் 1909-இல் ரஷ்ய ரை விதை அந்தக் கல்லூரியின் பயிர்ப் பெருக்க வல்லுநர் ஃபிராங்க் ஸ்பிராக் கைக்கு வந்தது. அதிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் ரோசன் ரை. விளைச்சலில் பெயர் வாங்கியது. ஆனால் விவசாயிகள் கைக்குப் போனதும் பழைய ரையோடு கலக்கத் தொடங்கியது. அதனால் ஏரி நடுவில் இருக்கும் தெற்கு மானிட்டு தீவைத் தேர்ந்தார்கள். அங்கிருந்த விவசாயக் குடும்பங்கள் ரோசனைத் தவிர வேறு ரை விதைப்பதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் வேற்று மகரந்தம் வர வழி இல்லை. தீவின் சுத்தமான விதை சிகாகோ கண்காட்சிகளில் பரிசு வாங்கியது. காலப்போக்கில் தீவில் விவசாயம் நின்றது, ரோசன் ரையும் மறைந்தது. தீவு இன்று தேசியப் பூங்கா நிர்வாகத்தில் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் அங்கே மறுபடியும் ரோசன் ரை விதைத்து விதை பெருக்கும் முயற்சி தொடங்கியிருக்கிறது.

நம் விதைப் பண்ணைகளில் கம்புக்குப் பயிர் விலகு தூரம் பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிய ரை எல்பானாகவே இருந்திருக்கலாம், பத்து வருடத்துக்கு முன்பு. இப்போது அது என்ன என்று சொல்ல முடியாது. ஜெர்மன் நிறுவனங்களின் வீரிய ஒட்டு ரை ரகங்களும் சந்தைக்கு வந்திருக்கின்றன. தானிய விளைச்சலில் அவை முந்தும். ஆனால் ஆண்டுதோறும் புது விதை வாங்க வேண்டும். மான் தின்னும் கொல்லைக்கு அந்தச் செலவு தாங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீட்டைப் படித்துவிட்டு மூட்டையைத் தூக்கு

அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் விதை மூட்டையில் சீட்டு இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் ஊர் விதைச் சான்று அட்டை மாதிரியே. நீல அட்டை என்றால் அங்கேயும் சான்று விதை, இங்கேயும் சான்று விதை. அந்தச் சீட்டில் பார்க்க வேண்டியவை இவை.

முதலாவது, பயிரின் பெயர். ரை என்ற பெயரில் இரண்டு பயிர் இருக்கிறது. செகேல் சீரியேல் என்பது தானிய ரை. லோலியம் என்று தொடங்கினால் அது ரைகிராஸ், வேறொரு புல். இரண்டையும் மாற்றி வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். ரைகிராஸும் தீவனம்தான். ஆனால் ஒரு முறை விதை கொட்டினால் வயலை விட்டுப் போகாது. பல இடங்களில் களைக்கொல்லிக்கும் அடங்காத களையாக மாறியிருக்கிறது. விதையைக் கையில் எடுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். தானிய ரை கோதுமை மாதிரி, சற்று ஒல்லியாக, சாம்பல் பச்சை கலந்து இருக்கும். ரைகிராஸ் விதை எடை இல்லாத, பதர் மாதிரியான புல் விதை.

இரண்டாவது, புறத்தூய்மையும் முளைப்புத்திறனும். இரண்டையும் பெருக்கினால்தான் மூட்டையில் உயிருள்ள விதை எவ்வளவு என்பது தெரியும். உதாரணத்துக்கு, 98 சதவிகிதம் தூய்மை, 90 சதவிகிதம் முளைப்பு என்றால் 50 கிலோவில் 44 கிலோ வேலை செய்யும். 94 சதவிகிதம் தூய்மை, 75 சதவிகிதம் முளைப்பு என்றால் 35 கிலோதான். மலிவு மூட்டையின் விலையை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சோதனை செய்த தேதி. நான்காவது, களை விதையின் அளவு. இதைப் படிக்காமல் விட்டால் பக்கத்து வயலுக்கும் சேர்த்துத் தொல்லை வாங்கி வருகிறோம்.

படைப்புழுவின் சொந்த ஊர்

ரகம் முடிவானால் அடுத்தது தேதி. மானுக்கு அக்டோபர் தொடக்கத்திலேயே பச்சை வேண்டும் என்று ஆகஸ்ட் கடைசியில் அவசரப்பட்டு விதைப்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் காத்திருப்பது நமக்கும் பழக்கமான எதிரி. 2018-இல் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் இறங்கி விவசாயிகளைக் கதற வைத்த அமெரிக்கப் படைப்புழுவுக்கு அமெரிக்கக் கண்டம்தான் சொந்த ஊர். இலையுதிர் காலப் படைப்புழு என்பதே அதன் ஆங்கிலப் பெயர். செப்டம்பரில் முளைக்கும் ரை, கோதுமை நாற்றுகள் அதற்கு விருந்து. இளம் புழு இலையைச் சுரண்டி, கண்ணாடித் துண்டு மாதிரி வெள்ளைத் திட்டு வைக்கும். அந்த அறிகுறியைக் கவனிக்காமல் விட்டால், பிறகு ஓரிரு நாளில் வயலே மொட்டை. உறைபனி விழுந்தால்தான் புழு சாகும்.

அதனால் தீனிக்கொல்லைக்குச் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை நல்ல பருவம் என்று தெற்கு ஓக்லஹோமாவில் வைத்துக்கொள்கிறார்கள். முன்னதாக விதைத்தவர்கள் விடியற்காலையில் வயலுக்குப் போய், மண்டியிட்டு, சதுர அடிக்கு எத்தனை புழு என்று எண்ணுகிறார்கள். மூன்று நான்கு தென்பட்டால் நடவடிக்கை எடுக்க வேண்டிய நேரம்.

மண் பரிசோதனை செய்து, புளிப்பு அதிகமாக இருந்தால் சுண்ணாம்பு போடுவார்கள். ரை புளிப்பைத் தாங்கும். ஆனால் கூடவே விதைக்கும் குளோவர் தாங்காது. சட்டிக் கலப்பையால் லேசான உழவு. கையால் தூவினால் ஏக்கருக்கு சுமார் 45 கிலோ, விதைப்புக் கருவி போட்டால் அதற்கும் குறைவு. ஒரு அங்குல ஆழம் போதும். தழைச்சத்து ஏக்கருக்கு 15 முதல் 25 கிலோ. மழைக்கு முன்னால் முடித்துவிட்டால் பாதி வேலை வானம் பார்த்துக்கொள்ளும்.

ரை மட்டும் போதாது

அக்டோபரில் ஓக் மரங்களிலிருந்து கொட்டை உதிரும். அப்போது மான் காட்டுக்குள்ளேயே இருக்கும். தீனிக்கொல்லைப் பக்கம் எட்டிப் பார்க்காது. விதை சரியில்லையோ என்று புது விவசாயிகள் கவலைப்படுவது இந்தச் சமயத்தில்தான். கொட்டை தீர்ந்து, பனி விழுந்து, காட்டுச் செடிகள் காய்ந்த பிறகு கொல்லையில் மான் தடம் தெரியும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரைக்குப் பொற்காலம். இளம் இலையில் புரதம் 20 சதவிகிதத்தைத் தாண்டும்.

மார்ச்சில் எல்பான் தண்டு விடத் தொடங்கும். தண்டு முற்றினால் மான் திரும்பிப் பார்க்காது. சீக்கிரம் வளரும் ரகம் சீக்கிரம் முற்றவும் செய்யும். அதனால் அனுபவம் உள்ளவர்கள் ரையைத் தனியாக விதைப்பதில்லை. ரை பாதி, கோதுமை பாதி போட்டு, மேலே ஏக்கருக்கு 4, 5 கிலோ கிரிம்சன் குளோவரை ரைசோபியம் கலந்து தூவுகிறார்கள். ரை முதலில் எழும், அது முற்றும்போது கோதுமை இளசாக இருக்கும், பிறகு குளோவர் வசந்தத்தில் கைகொடுக்கும். குளோவர் பயறு வகையறா என்பதால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும்.

மான் உண்மையில் எவ்வளவு தின்கிறது என்று பார்க்க எளிய வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். மூன்றடி அகலத்துக்குக் கம்பி வலையை வளைத்து, கொல்லையின் நடுவில் கூண்டு மாதிரி ஊன்றிவிடுவார்கள். கூண்டுக்குள் பயிர் முழங்கால் உயரம், வெளியே கணுக்கால் உயரம் என்றால் மீதி மான் வயிற்றில். உள்ளேயும் வெளியேயும் ஒரே உயரம் என்றால் மான் வரவில்லை. உள்ளேயும் வளரவில்லை என்றால் குறை ரகத்திலோ மண்ணிலோ இருக்கிறது. வயலோரம் மானும் முயலும் வந்து போகும் நம் விவசாயிகளுக்கும் சேத அளவைக் கண்ணால் காட்ட இந்தக் கூண்டு உதவும்.

வேலிக்கு அந்தப் பக்கம்

இந்தக் கதையில் இன்னொரு விவசாயி இருக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் கோதுமை போட்டிருப்பவர்.

ஓக்லஹோமா கோதுமை மாநிலம். கோதுமை வயலில் ரை முளைத்தால் அது களை, அதுவும் மோசமான களை. கோதுமையை விட உயரமாக வளரும், முன்னதாகக் கதிர் விடும், அறுவடைக்கு முன்பே விதை உதிர்க்கும். இரண்டும் நெருங்கிய உறவு என்பதால், சாதாரண கோதுமையில் ரையை மட்டும் தேர்ந்து கொல்லும் களைக்கொல்லி கிடையாது. அதற்கென்றே மருந்தைத் தாங்கும் கோதுமை ரகத்தைத் தேடி விதைக்க வேண்டும். அறுத்த கோதுமையில் ரை கலந்திருந்தால் கொள்முதல் கிடங்கில் விலையைக் குறைப்பார்கள். மானுக்கென்று ஒருவர் விதைத்த ரை, பக்கத்தில் இருப்பவரின் ஆண்டு வருமானத்தில் கைவைக்கும்.

தானாக முளைத்துத் தலைமுறை தலைமுறையாகச் சுற்றும் ரை அங்கே பல வயல்களில் இருக்கிறது. அதனால் விவரம் தெரிந்த கடைக்காரர் முதலில் ரகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த நிலத்தில் கோதுமை போடுவீர்களா, பக்கத்தில் யாராவது போடுகிறார்களா என்று கேட்கிறார். ஆம் என்றால் ரை மூட்டையைக் காட்டாமல் கோதுமை மூட்டையையே காட்டுகிறார். மானுக்கு இளம் கோதுமையும் பிடிக்கும். மண் மிகவும் மோசமாக இல்லாவிட்டால் ரை இல்லாமலே சமாளிக்கலாம்.

கோதுமை இல்லாத இடத்திலும் ரை விதைப்பவர்கள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்கிறார்கள். கதிர் பால் பிடிக்கும் முன்பு பயிரை முடித்துவிட வேண்டும். பொதிப்பருவத்துக்கு முன்பு வெட்டினால் மறுபடி தழைக்கும். முற்ற விட்டால் விதை விழும். நடுவில் கிடைப்பது சில நாட்கள்தான். அந்த நாட்களில் மாட்டை விட்டு ஒட்ட மேய்க்கிறார்கள், அல்லது பூக்கும் சமயம் பார்த்து உருளை ஓட்டிப் படுக்க வைக்கிறார்கள், அல்லது மடக்கி உழுகிறார்கள். படுத்த ரைத் தாள் நல்ல மூடாக்கு. பொடிக் களை விதைகளை முளைக்க விடாத தன்மை அதற்கு உண்டு.

ஏப்ரலில் ஆர்ட்மோர் பக்கம் ரை தலை எடுக்கும்போது கோதுமை இன்னும் கட்டையாக இருக்கும். வேலியோரமும் வரப்பிலும் தப்பி நிற்கும் ரைக் கதிர்கள் அப்போது தூரத்திலிருந்தே தனியாகத் தெரியும். நம் நெல் வயலில் கலவன் எடுப்பது போல, ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு வேலி நெடுகிலும் நடக்கிறார்கள். 2 ஏக்கருக்கு ஒரு காலை நேர வேலை. செப்டம்பரில் விதை வாங்கும்போதே அந்த ஒரு காலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்பவர்கள்தான் அங்கே ரை விதைக்கிறார்கள்.